மழையில் அந்தமான் காட்டு ரோடு: வண்டி மக்கர் பண்ணினால் எதை முதலில் பார்ப்பது

தண்டையார்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன ஷெட். மச்சானுக்கு நடு அந்தமானில், ரங்கத்தில் ஒன்று. நமக்கு ஐப்பசியில்தான் அடித்துப் பெய்யும், அங்கே மே மூன்றாம் வாரத்திலேயே தென்மேற்கு வந்து உட்கார்ந்துவிடும், அதனால் ஜூன் ஜூலையில் இங்கே வேலை டல்லடிக்கும்போது நான் கப்பல் ஏறி அவனுக்குக் கைகொடுக்கப் போவேன், நவம்பரில் கணேசபுரம் சப்வேயில் முங்கின வண்டிகளைப் பார்க்கத் திரும்பிவிடுவேன். ரெண்டு ஊரிலும் வருகிற கம்ப்ளெயின்ட் ஒன்றுதான். வியாசர்பாடியில் வண்டி நின்றால் தள்ளப் பத்துப் பேர் வருவார்கள், அங்கே சுற்றிலும் மரம்தான்.

ராயபுரம், காசிமேடு பக்கம் அந்தமானில் சொந்தக்காரர்கள் இருக்கிற குடும்பம் நிறைய. "அங்க மாமா ஜீப்பை எடுத்துக்கினு டிக்லிபூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போறோம்ணா, என்ன பாக்கணும்?" என்று வருஷத்துக்கு நாலு பேராவது வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்குது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி

போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை போகிற அந்தமான் டிரங்க் ரோட்டுக்கு இப்போது என்.எச். 4 என்று நம்பர். (நமக்கு என்.எச். 4 என்றால் இன்னும் பூந்தமல்லி ரோடுதான் ஞாபகம் வரும்.) போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள், ஆனால் கப்பலில் வருகிற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கிருந்து வடக்கே போனால் ஜிர்காடாங் செக்போஸ்ட். அதிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் ஃபெர்ரித் துறை வரை ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அது ஜாரவா பழங்குடி மக்களின் காடு. கான்வாயாகத்தான் விடுவார்கள், முன்னாலும் பின்னாலும் போலீஸ் வரும். நிறுத்தக் கூடாது, ஓவர்டேக் கூடாது, போட்டோ கூடாது, 40-க்கு மேல் விரட்டக் கூடாது. காட்டுக்குள் போகும் இந்த ரோட்டை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2002-லேயே உத்தரவு போட்டது, இன்னும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதைப் பேச ஆரம்பித்தால் நேரம் போதாது.

மெக்கானிக்காக நான் சொல்வது இதுதான்: அந்த ஐம்பது கிலோமீட்டரில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி பண்ண முடியாது. கீழே சொல்கிற அறிகுறி எதுவாக இருந்தாலும், லேசான சந்தேகமாக இருந்தாலும், ஜிர்காடாங்கிலேயே பார்த்துவிடுங்கள். ஐ.டி. கார்டு காட்டி ஃபாரம் பூர்த்தி பண்ணி, கான்வாய் கிளம்புகிற நேரத்துக்காக எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். சரியாகவில்லையா, அடுத்த கான்வாயில் போங்கள். உள்ளே போனபிறகு நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள், ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு உள்ளேயே இருங்கள், பின்னால் வருகிற போலீஸ் வண்டியிடம் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"தண்ணில இறங்கினேன், பாதில ஆஃப் ஆயிடுச்சு"

செலவு குறைந்ததை முதலில் பார்க்கிற வரிசைப்படி இது கடைசியில் வரவேண்டியது, செலவு அதிகம். ஆனால் இதில் மட்டும் முதல் பத்து செகண்டில் நீங்கள் செய்கிற தப்புதான் செலவையே உண்டாக்குகிறது, அதனால் மேலே வைத்தேன்.

மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு தடவை கூட. சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமா "ஒரே ஒருவாட்டி ட்ரை பண்ணு மாப்ள" என்பார். காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், காற்று அமுங்குகிற மாதிரி தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் இன்ஜினுக்கு இதற்கு அரை டீ கிளாஸ் தண்ணீர் போதும். போன வருஷம் சப்வேயிலிருந்து வந்த ஒரு காரில் தண்ணீர் போனது பெரிய விஷயமே இல்லை, தண்ணீர் போனபிறகு அவர் ஏழெட்டு தடவை செல்ஃப் அடித்ததுதான் விஷயம், இன்ஜினைப் பிரித்தபோது ஒரு ராடு வாழைப்பழம் மாதிரி இருந்தது.

வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி ரொம்ப தூரம் இழுக்காதீர்கள். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். அப்புறம் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

ஃபில்டர் காய்ந்திருந்தால் பெருமூச்சு விடலாம், பெரும்பாலும் எலக்ட்ரிக்கல் ஈரம்தான், கீழே 'செல்ஃப் சுத்துது' என்பதற்குப் போங்கள்.

ஃபில்டர் நனைந்திருந்தால் டிப் ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற கம்பி) எடுத்துப் பாருங்கள். ஆயில் எப்போதும் போல இருந்து, வண்டி பெட்ரோலாக இருந்து, கையில் பிளக் ஸ்பானரும் பழக்கமும் இருந்தால் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, எரிகிற மாதிரி ஸ்பார்க் எங்கேயும் அடிக்காமல் காயில் கனெக்டரையும் பிடுங்கிவிட்டு, அதன்பிறகு பேட்டரி மைனஸை மாட்டி செல்ஃப் அடித்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தை மேலே வைத்து எட்டிப் பார்க்காதீர்கள். டீசல் என்றால் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் ஊற்றின டீ மாதிரி இருந்தால் நீங்கள் பார்க்க வேண்டிய வேலை முடிந்தது. ரிக்கவரி வண்டிக்குச் சொல்லிவிட்டு மழைக்கு ஒதுங்குங்கள். கிளம்புவதற்கு முன்னாலேயே உங்கள் இன்ஷூரன்ஸில் இன்ஜின் கவர் என்று தனியாக எடுத்திருக்கிறதா என்று பாருங்கள், சாதாரண பாலிசியில் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்ததற்குப் பணம் தர மாட்டார்கள்.

இறங்குவதற்கு முன்னால் எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும்? முன்னால் போகிற பஸ்ஸைப் பாருங்கள். பஸ் டயரில் பாதி முங்கினால் உங்கள் காரில் பம்பருக்கு மேலே வரும். அந்தப் பக்கத்து பஸ் டிரைவர்கள் நிறுத்திவிட்டு நிற்கிற ஓடையில் நீங்கள் ஹீரோயிசம் காட்ட வேண்டாம்.

"செல்ஃப் அடிச்சா டிக் டிக்னு மட்டும் கேக்குது"

பத்தில் ஏழு வண்டியில் பேட்டரி டெர்மினல்தான். காசிமேட்டுக் காற்றில் இருக்கிற உப்பு அங்கேயும் இருக்கிறது, கூடவே மாதக்கணக்கில் ஈரம். டெர்மினலைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் அதுதான் கோளாறு. மைனஸை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றி (டீக்கடையில் கேட்டால் ஒரு சொம்பு தருவார்கள்), உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மாட்டும்போது பிளஸை முதலில் மாட்டி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். வாசலின் இல்லாவிட்டால் கிரீஸ்.

அது சரியாக இருந்தால் எர்த் ஒயர். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகிற பட்டை. இது அடியில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. ஜம்பர் ஒயர் ஒன்றை மைனஸிலிருந்து நேரே இன்ஜின் இரும்பில் பிடித்து செல்ஃப் அடித்துப் பாருங்கள், எடுத்துவிட்டால் எர்த்தான் குற்றவாளி.

அதன்பிறகுதான் பேட்டரி. மீட்டர் இருந்தால், வண்டி ஓய்வாக நிற்கும்போது 12.6 வோல்ட் இருக்கவேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்துபோனது. ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வரவில்லை என்றால் பேட்டரி மேல் தப்பில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் போடவில்லை. புது பேட்டரி போட்டாலும் மறுநாள் அதே டிக் டிக்தான். இந்த இடத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை தள்ளு ஸ்டார்ட்டில் ஓட்டலாம், ஆனால் மழையில் வைப்பரும் ஹெட்லைட்டும் போட்டுக்கொண்டு ரொம்ப தூரம் தாங்காது. தள்ளு ஸ்டார்ட் வண்டியோடு ஜிர்காடாங் தாண்டாதீர்கள்.

"செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆவல"

பெட்ரோல் வண்டியா? பழையது என்றால் பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, புதுசு என்றால் பிளக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் காயில். மூடியைக் கழற்றி, பனியன் வேஸ்ட்டால் ஈரத்தைத் துடைத்து, பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, டபிள்யூ.டி. 40 ஒரு தடவை அடித்துவிட்டு மாட்டுங்கள். முக்கால்வாசி வண்டி எடுத்துவிடும். இரவு நேரமாக இருந்தால் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு இருட்டில் செல்ஃப் அடித்துப் பாருங்கள், ஒயர் வெடித்த இடத்தில் நீலமாகப் பொறி தாவும், டார்ச் அடித்துத் தேடுவதைவிட இது லேசு.

டீசலா? அப்போது எனக்கு முதல் சந்தேகம் டீசலில் தண்ணீர். அந்தப் பக்கம் பங்க் அடிக்கடி வராது, ஆளுக்கு ஆள் கேனில் வாங்கி வைத்திருப்பார்கள், அதை மழையில் ஊற்றுவார்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கதம்தலா தாண்டி ராயபுரத்துக் குடும்பம் ஒன்று நின்றுவிட்டது. ஜீப்பில் எட்டுப் பேர், பாட்டி உட்பட. நானும் மச்சானும் போனோம். டீசல் ஃபில்டர் அடியில் இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்தி, காலி வாட்டர் பாட்டிலில் பிடித்தேன். ஐந்து நிமிஷம் அதை சீட் மேல் அசையாமல் வைத்தோம். மேலே டீசல் மஞ்சளாக நின்றது, கீழே மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. பாட்டி பார்த்துவிட்டு, "ஏன்பா, பால்காரன் மாதிரி டீசல்காரனும் கலக்குறானா?" என்றார். யாரும் கலக்கவில்லை, கேன் மூடிக்கு வாஷர் இல்லை, அவ்வளவுதான்.

செய்யவேண்டியது அதே வேலை. திருகைத் தளர்த்துங்கள், பாட்டிலில் பிடியுங்கள், சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள், மூடுங்கள். அப்புறம் ஃபில்டர் மேலே இருக்கிற கை பம்ப்பைக் கெட்டியாகிறவரை அழுத்துங்கள், இல்லாவிட்டால் ஏர் லாக் ஆகி மறுபடி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பாட்டிலில் பிடித்த டீசலைக் காட்டில் கொட்டாதீர்கள், மூடி எடுத்துவாருங்கள்.

ரெண்டு தடவை வடித்தும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் டேங்க்கிலேயே இருக்கிறது, டேங்க்கை இறக்கணும், மெக்கானிக் வேலை. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் வைத்த புது மாடல்) டீசல் என்றால் இன்னும் சீக்கிரமாகவே கைவிடுங்கள். மீட்டரில் ஃபில்டர் தண்ணீர் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் இன்ஜெக்டர் போய்விடும், நாலையும் மாற்றுகிற காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கலாம். மச்சானே பம்ப் வேலை, இன்ஜெக்டர் வேலையை எல்லாம் போர்ட் பிளேருக்குத்தான் அனுப்புவான், சாமான் இல்லையென்றால் அது நம்ம சென்னையிலிருந்து கப்பலில் வரணும், அதுவரை உங்கள் லீவு அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மேட்டில் குத்திக் குத்திப் போகிறது என்றாலும் இதே வரிசைதான். கூடவே ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள், நனைந்த பேப்பர் ஃபில்டர் இழுவையைக் கொன்றுவிடும்.

"பிரேக் புடிக்கல"

எப்போது பிடிக்கவில்லை என்று கேட்பேன் நான். பதிலைப் பொறுத்து வேலை.

தண்ணீரைத் தாண்டின உடனே மட்டும் என்றால் லைனிங் ஈரம். மெதுவாகப் போய்க்கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாக அமுக்கியபடி நூறு இருநூறு மீட்டர் போங்கள், சூட்டில் காய்ந்து பிடித்துவிடும். ஒவ்வொரு ஓடை தாண்டியதும் இதைப் பழக்கமாக வையுங்கள், செலவே இல்லை.

காலையில் முதல் ரெண்டு மூன்று பிரேக் மட்டும் கடகடவென்று கடித்தால் டிஸ்க்கில் ராத்திரி ஏறின துரு. தானாகப் போய்விடும். ராத்திரி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு மூன்று நாள் மழையில் விட்டுவிட்டால் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும், அங்கே கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வைப்பதுதான் வழக்கம்.

ஒரு பக்கமாக இழுத்தால், இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தில் சேறு. டிரம்மைக் கழற்றிக் கழுவணும். சக்கரம் கழற்றத் தெரிந்தவர் செய்யலாம், இல்லாவிட்டால் அடுத்த ஊர் வரை மெதுவாகப் போய் ஷெட்டில் விடுங்கள்.

பெடல் மெத்து மெத்தென்று உள்ளே போகிறது, ரெண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது. இது விளையாட்டு இல்லை. பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் எங்கேயோ லீக். நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள், மழைத் தண்ணீர் வழுக்காது, பிரேக் ஆயில் வழுவழுவென்று இருக்கும். அளவு சரியாக இருந்தால் ஆயிலே ஈரத்தைக் குடித்துக் கெட்டிருக்கிறது, ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாற்றவேண்டியதை யாரும் மாற்றுவதில்லை. எதுவாக இருந்தாலும் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். அந்த ரோட்டில் ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகத்தான் இருக்கும், வளைவில் எதிரே மரம் ஏற்றின லாரி வரும். ஆளை வரவழையுங்கள், நாளே போனாலும் போகட்டும்.

"முன்கண்ணாடி தெரியல"

உள்பக்கம் பனி மாதிரி படிந்தால் ஏ.சி.யைப் போட்டு, காற்றை வெளியிலிருந்து எடுக்கிற பட்டனுக்கு மாற்றுங்கள். எல்லாரும் உள்ளேயே சுற்றுகிற பட்டனில் வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே போகிறார்கள், எட்டுப் பேர் மூச்சு, ஈரத்துணி, எங்கே போகும்? ஏ.சி. இல்லாத ஜீப்பில் ரெண்டு பக்கமும் நாலு விரல் கண்ணாடியை இறக்குவதைத் தவிர வழியில்லை, கொஞ்சம் நனையுங்கள்.

வெளிப்பக்கம் வைப்பர் கோடு கோடாக இழுத்தால் ரப்பரை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடியை ஷாம்பு பாக்கெட் ஒன்றால் கழுவுங்கள், எண்ணெய்ப் பிசுக்குதான் காரணமாக இருக்கும். மோட்டார் சத்தம் கேட்டும் கை அசையவில்லை என்றால் அடியில் இருக்கிற நட்டு தளர்ந்திருக்கும், 10-ஆம் நம்பரோ 13-ஆம் நம்பரோ ஸ்பானர் வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ். அதுவும் சரியென்றால் மோட்டார், எலக்ட்ரீஷியனிடம் போங்கள். அதுவரை ஒப்பேற்ற லாரிக்காரர்கள் பண்ணுகிற வேலை: புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவி வழியும், வழி தெரியும். அரை மணி நேரம் வரும்.

"பெல்ட் கத்துது", "சூடு ஏறுது"

மழையில் ஸ்டார்ட் பண்ணினதும் கீச்சென்று கத்தி ரெண்டு நிமிஷத்தில் நின்றால் விடுங்கள். நிற்கவில்லை என்றால் பெல்ட் லூஸ், டைட் பண்ணணும். சூடு ஏறினால் ரேடியேட்டர் முன்னால் இலையும் சேறும் அப்பியிருக்கும், இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், இதைச் சொல்லாமலே தெரியணும், ஆனாலும் வருஷத்துக்கு ஒரு கை வெந்துபோய் வருகிறது. கழுவினபிறகும் ஏறினால், இல்லை தண்ணீர் ஊற்ற ஊற்றக் குறைந்தால், ஹெட் கேஸ்கெட்டாகக்கூட இருக்கலாம். நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

"சேத்துல சக்கரம் சும்மா சுத்துது"

ஆக்சிலேட்டரை விடுங்கள். சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பாருங்கள், அது ஏற்கெனவே அமுங்கின மண். முடியாவிட்டால் முன்பக்கம் ரெண்டாவது கியர். அப்படியும் வரவில்லை என்றால் டயர் காற்றை 18, 20 வரை இறக்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் ஃப்ளோர் மேட்டைப் போடுங்கள் (மேட் பின்னால் பறக்கும், அங்கே ஆள் நிற்கக் கூடாது). ஃபோர் வீல் லீவர் இருக்கிற ஜீப்பில் சேற்றில் இறங்குவதற்கு முன்னாலேயே போட்டிருக்கவேண்டும், மாட்டிக்கொண்டபிறகு ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை. வெளியே வந்ததும் காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள், கையடக்க பம்ப் ஒன்று இருந்தால் நல்லது. ஆக்சில் மண்ணில் உட்கார்ந்துவிட்டதா, அதற்கு லாரியும் கயிறும்தான். கயிற்றை பம்பரில் கட்டாதீர்கள், பம்பர் மட்டும் தனியாக வரும்.

ஒரு விஷயம். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியை ஃபெர்ரியில் ஏற்றி பாராடாங் போகும்போது உப்புத் தண்ணீர் அடியில் தெறிக்கும், அதை நல்ல தண்ணீரில் கழுவுவது நல்லதுதான். ஆனால் கழுவுகிறேன் என்று அந்தக் கழிமுகத்தில் காலை வைக்காதீர்கள். முதலை உண்டு. போர்டு சும்மா வைக்கவில்லை.

"வண்டி நல்லாதான் ஓடுது, கால்ல ரத்தம் வருது"

இது ஷெட் வேலை இல்லை, ஆனாலும் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். சக்கரம் மாற்ற இறங்கினபோது அட்டை ஏறியிருக்கும். பிடுங்கி இழுக்காதீர்கள், நகத்தை அடியில் விட்டு வாயைத் தள்ளினால் விட்டுவிடும். அதன்பிறகும் ரத்தம் கொஞ்ச நேரம் வழியும், அட்டை ரத்தம் உறையாதபடி ஏதோ விட்டுவிட்டுப் போகும், துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். பல மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை, இல்லை சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ரங்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மச்சான் இறங்குவதற்கு முன்னால் புகையிலைத் தண்ணீரில் நனைத்த சாக்ஸைப் பேன்ட் மேலே இழுத்து மாட்டிக்கொள்வான். அதே பொட்டலத்தில் மிச்சத்தைத்தான் கண்ணாடிக்கும் தேய்ப்பான், ஜீப் பூராவும் அந்த நாற்றம்தான், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.